வெள்ளோட்டம் காணும் வேளை

மாசி பிறந்துவிட்டால் தலைநகரில் வாழும் தமிழர் இல்லங்களில் ஒரு வேலை தவறாமல் வந்து சேரும். குளிர்காலம் முழுவதும் உடுத்திய கம்பளிகளை வெயிலில் உலர்த்தி, அந்துருண்டை இட்டுப் பெட்டியில் அடுக்கும் வேலை அது. நம் இல்லத்தில் மட்டும் அவ்வேலை ஆண்டுதோறும் பத்து நாள் பிந்தியே நடைபெறும். பார்முலா ஒன் கார்ப் பந்தய வண்டிகளின் வெள்ளோட்டம் பெரும்பாலும் அம்மாதத்தில்தான் நிகழ்கிறது என்பதே அதற்குக் காரணம். பந்தயம் தொடங்கும் முன்னரே பந்தயத்தைப் பற்றி இவ்வளவு கவலையா என்று வீட்டிலுள்ளோர் வினவுவதுண்டு. அவ்வினாவுக்கு விடை கூறவே இன்று நேயர்கள் முன் வந்துள்ளோம்.

வெள்ளோட்டம் என்னும் சொல்லைத் தமிழர்க்கு விளக்க வேண்டுவதில்லை. புதிதாகச் செய்த தேரைத் திருவிழாவுக்கு முன்பு ஒரு நாள், சுவாமி எழுந்தருளாமலே, வீதியில் இழுத்துப் பார்ப்பார்கள். அச்சு தாங்குகிறதா, சக்கரம் திரும்புகிறதா, முட்டுக்கட்டைக்குத் தேர் நிற்கிறதா என்று தச்சர்கள் உடன் நடந்து கவனிப்பார்கள். பந்தய வண்டிக்கும் இதுவே நடைபெறுகிறது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தேரின் வெள்ளோட்டத்தில் எவரும் எதையும் மறைப்பதில்லை. இங்கோ, பல தேர்கள் ஒரே வீதியில் ஓடுகின்றன. ஒவ்வொரு தேரின் தச்சரும் தம் தேரின் உண்மையான வேகத்தை மற்றவர் அறியாவண்ணம் காப்பதில் கண்ணாயிருக்கிறார்.

பல ஆண்டுகள் இவ்வோட்டங்கள் ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரை அடுத்த தடத்தில் நடைபெற்றன. 2021 முதல் 2025 வரை ஆண்டுதோறும் பஹ்ரைன் நாட்டின் பாலைவனத் தடம் மூன்று நாள் ஓட்டத்துக்கு இடம் தந்தது. அத்தடத்தின் ஒரு சுற்று 5.412 கிலோமீட்டர். அங்கே காலை 10 மணி என்றால் நமக்குப் பகல் 12.30. அலுவலகத்தின் உணவு இடைவேளைக்கு மிகப் பொருத்தமான நேரம்! தயிர்சாதத்தை ஒரு கையிலும் கைப்பேசியை மறுகையிலும் வைத்துக்கொண்டு, எந்த வண்டி எத்தனை விநாடியில் சுற்றி வந்தது என்னும் பட்டியலை நாம் பார்ப்போம். எதிர் மேசையில் அமர்ந்திருக்கும் வங்காள நண்பரும் அதையே பார்ப்பார். அவர் பெர்ராரியின் பரம பக்தர்.

இப்பட்டியலை நம்பலாமா என்பதுதான் கேள்வி. நம்பலாகாது. ஏன் என்பதைச் சொல்கிறோம். 2025 வரை நடப்பிலிருந்த விதிப்படி, பந்தயத்துக்கு ஒரு வண்டி 110 கிலோ வரை எரிபொருள் சுமக்கலாம். 10 கிலோ கூடினால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 0.3 விநாடி கூடும் என்பது இத்துறையினரின் நடைமுறைக் கணக்கு. ஆகவே நிரம்பிய கலத்துடன் ஓடும் வண்டிக்கும் வற்றிய கலத்துடன் ஓடும் வண்டிக்கும் இடையே 3 விநாடி வேறுபாடு எளிதில் வந்துவிடும். தகுதிச் சுற்றில் முதலிடத்துக்கும் பத்தாம் இடத்துக்கும் நடுவே 1 விநாடிகூட இல்லாத நாள்கள் உண்டு. இதற்கு மேல் டயரின் வகை வேறு. மென்மையான டயர் விரைவைத் தரும், விரைவில் தேயும். கடினமானது நெடுநேரம் உழைக்கும். எஞ்சினை எவ்வளவு முடுக்கினார்கள் என்பதும், வெயில் தணிந்த மாலையில் ஓடினார்களா உச்சி வெயிலில் ஓடினார்களா என்பதும் கணக்கில் சேரவேண்டியவை. எரிபொருளின் அளவை எவரும் வெளியிடுவதில்லை. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இந்நிலை புதிதன்று. வாக்கியத்திலிருந்து பிய்த்தெடுத்த ஒற்றைச் சொல்லை நீட்டி, இதற்குத் தமிழ் என்ன என்று கேட்பார் உண்டு. 'கட்டு' என்றால் கட்டளையா, மூட்டையா, பத்தியமா? முன்னும் பின்னும் தெரியாமல் எப்படிச் சொல்வது? வெள்ளோட்ட நேரமும் அத்தகைய தனிச்சொல்லே.

இப்பாடத்தை நாம் கற்றது 2001-ஆம் ஆண்டில். அப்போது கல்லூரியில் பயின்றுகொண்டிருந்தோம். செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்து மூலையில் பொடி எழுத்தில் வெள்ளோட்ட நேரங்கள் வரும். நான்கு முறை உலக வாகை சூடிய அலைன் புரோஸ்டின் குழுவில் ழான் அலெசி என்னும் வீரர் அவ்வாண்டு வெள்ளோட்டத்தில் மிக விரைவாக ஓடினார். எளியோர் வலியோரை வெல்லும் காலம் வந்தது என்று விடுதித் தோழர்களிடம் நாம் பேசாத பேச்சில்லை. ஆண்டு முடிந்தபோது அக்குழு ஈட்டிய புள்ளிகள் மொத்தம் 4. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் குழுவே பொருளின்றி மூடப்பட்டது. ஆதரவு தரும் வணிக நிறுவனங்களின் கண்ணில் படுவதற்காக வற்றிய கலத்துடன் ஓடுவதும் உண்டு என்பதை அதன் பிறகே அறிந்தோம்.

கற்ற பாடமே நம்மை வீழ்த்தியதும் ஒருமுறை நடந்தது. 2008 டிசம்பரில் ஹோண்டா நிறுவனம் இப்பந்தயத்தைவிட்டு விலகியது. அதன் குழுவை நடத்திவந்த ராஸ் பிரான் என்பவர் 2009 மார்ச் தொடக்கத்தில் அதைத் தம் பெயரில் எடுத்துக்கொண்டார். ஏனைய குழுக்கள் பல நாள் ஓடிப் பழகிவிட்ட நிலையில், மார்ச் 9 அன்று பார்சிலோனாவில் அவருடைய வெள்ளை வண்டி வந்து நின்றது. விளம்பரங்கள் அநேகமாக ஒன்றும் இல்லாத வெறும் வெள்ளை. ஓடத் தொடங்கியதும் அதன் வேகம் அனைவரையும் திகைக்க வைத்தது. நாம் திகைக்கவில்லை. 2001-ஐக் கண்டவரன்றோ! இது விளம்பரம் தேடும் வித்தை என்று வங்காள நண்பரிடம் அடித்துச் சொல்லி, ஒரு பெட்டி இனிப்பும் பந்தயம் வைத்தோம். மார்ச் 29 அன்று மெல்போர்னில் நடந்த முதல் பந்தயத்தில் ஜென்ஸன் பட்டன் முதலாவதாகவும், அவருடைய சக வீரர் ரூபன்ஸ் பாரிக்கெல்லோ இரண்டாவதாகவும் வந்தனர். முதல் 7 பந்தயங்களில் 6-ஐப் பட்டனே வென்றார். வீரருக்கான வாகை, குழுவுக்கான வாகை இரண்டும் அவ்வாண்டு அவ்வெள்ளை வண்டிக்கே சென்றன. வண்டியின் பின்புற அடியில் காற்று வெளியேறும் பகுதியை இரட்டை அடுக்காக அமைத்திருந்ததே அதன் பலம் என்பர் அறிந்தோர். நாம் வாங்கித் தந்த இனிப்பை நண்பர் பெருந்தன்மையுடன் நமக்கும் பங்கிட்டார்.

அப்படியானால் வெள்ளோட்டத்தில் நம்பத்தக்கது எதுவும் இல்லையா? உண்டு. எத்தனை சுற்று ஓடியது என்னும் எண்ணிக்கை. வேகத்தை மறைக்கலாம், பழுதை மறைக்க இயலாது. 2014-இல் புதிய வகைக் கலப்பு எஞ்சின்கள் அறிமுகமாயின. ஸ்பெயினின் ஹெரேஸ் தடத்தில் நடந்த முதல் 4 நாள் ஓட்டத்தில், அதற்கு முன் தொடர்ந்து 4 ஆண்டுகள் வாகை சூடிய ரெட் புல் குழு ஓடியது வெறும் 21 சுற்று. மெர்ஸிடிஸ் ஓடியது 309 சுற்று. அவ்வாண்டின் 19 பந்தயங்களில் 16-ஐ மெர்ஸிடிஸ் வென்றது. 2019-இல் வில்லியம்ஸ் குழுவின் வண்டி உரிய நாளில் உருவாகாமல், முதல் வெள்ளோட்டத்தில் இரண்டு நாளுக்கு மேல் கொட்டகை வெறுமையாகவே கிடந்தது. அவ்வாண்டு முழுவதும் அவர்களுக்குக் கிட்டிய புள்ளி ஒன்றே ஒன்று.

கண்ணுக்கு விருந்தாகும் காட்சிகளும் உண்டு. பளபளக்கும் பச்சை வண்ணக் குழம்பை வண்டியின் இறகில் பூசி ஓடவிடுவார்கள். ஓடும்போது காற்று அக்குழம்பை இழுத்துக் கோடு கோடாக்கிவிடும். காற்று எவ்வழியே சென்றது என்பதை அக்கோடுகள் காட்டிக்கொடுக்கும். பெரிய கோலத்தில் மழைத்துளி விழுந்து ஒழுகியதுபோல் இருக்கும் அது. சில வேளைகளில் வண்டியின் பக்கத்தில் கம்பிச் சட்டம் ஒன்றைப் பொருத்தி ஓட்டுவார்கள். காற்றின் அழுத்தத்தை அளக்கும் நுண்குழல்கள் அதில் வரிசையாக இருக்கும். இவ்வலங்காரங்களெல்லாம் பந்தய நாளில் இரா.

2020 பிப்ரவரி 20-ஆம் நாள் கண்ட காட்சியை நாம் மறக்க இயலாது. பார்சிலோனாவில் லூயிஸ் ஹாமில்டன் நேர்ப்பாதையில் செல்லும்போது ஸ்டியரிங்கைத் தம் மார்பை நோக்கி இழுத்தார். வளைவு நெருங்கியதும் அதை முன்னே தள்ளினார். வண்டியில் பொருத்தியிருந்த காமிரா அதை உலகுக்கே காட்டிவிட்டது. ஸ்டியரிங் என்பது சுழலுமே தவிர, முன்னும் பின்னும் போகுமா? முன் சக்கரங்கள் இரண்டும் ஒன்றையொன்று நோக்கும் கோணத்தை ஓட்டத்தின் நடுவிலேயே மாற்றுவதற்காக மெர்ஸிடிஸ் செய்த ஏற்பாடு அது. அடுத்த ஆண்டு முதல் விதி அதைத் தடுத்துவிட்டது. ஒரு நூலின் கைப்பிரதியைப் புரட்டுகையில், அச்சில் வராமல் போன வரி கண்ணில் பட்டால் உண்டாகும் மகிழ்ச்சி அன்று நமக்கு உண்டாயிற்று.

வெள்ளோட்டம் இன்று சில நாள்களுக்குள் அடங்குகிறது. முன்பு அப்படியில்லை. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிய குழுக்கள் ஆண்டு முழுவதும் சோதனை ஓட்டம் நடத்தின. அதற்கென்றே தனி வீரர்கள் இருந்தனர். செலவு பெருகவே, பந்தயப் பருவத்தின் இடையே சோதனை ஓட்டங்களை 2009 முதல் பெரும்பாலும் தடை செய்தனர். பெர்ராரியின் சோதனை வீரர் லூகா படோயர் பத்தாண்டுக் காலம் பந்தயம் எதிலும் கலந்துகொள்ளாமல் சோதனைத் தடத்திலேயே உழைத்தவர். 2009-இல் பெலிப்பே மாஸா காயமுற்றபோது இரண்டு பந்தயங்களில் ஓடும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. இரண்டிலும் தகுதிச் சுற்றில் அவருக்குக் கடைசி இடமே. அம்மனிதரின் உழைப்பை அறிந்தவர்கள் அதைக் கண்டு நகைக்கவில்லை.

கூட்டமில்லாத் தடத்தில் உயிரை இழந்தோரும் உளர். 1986 மே மாதம் பிரான்ஸின் பால் ரிக்கார்ட் தடத்தில் சோதனை ஓட்டத்தின்போது எலியோ டி ஆஞ்செலிஸின் வண்டி கவிழ்ந்து தீப்பற்றியது. பந்தய நாளில் இருக்கும் அளவுக்கு மீட்புப் பணியாளர்கள் அன்று அங்கில்லை. மறுநாள் மருத்துவமனையில் அவர் காலமானார்.

இனி நம் மனத்துக்கு மிக நெருங்கிய செய்திக்கு வருகிறோம். வெள்ளோட்டமே இல்லாமல் பந்தயத்துக்குச் சென்ற ஒருவரின் கதை அது. அவர் சென்னையில் பிறந்த கருண் சந்தோக். 2010-இல் எச்.ஆர்.டி. என்னும் புதிய ஸ்பானியக் குழுவில் அவருக்கு இடம் கிடைத்தது. பணமுடை மிகுந்த குழு அது. ஏனையோர் பிப்ரவரி முழுவதும் ஓடிப் பழகியபோது அக்குழு ஒரு சுற்றுக்கூட ஓடவில்லை. வண்டி தயாராக இல்லை. பஹ்ரைனில் முதல் பந்தயத்துக்கு முன் நடந்த மூன்று பயிற்சி ஓட்டங்களிலும் சந்தோக்கின் வண்டி கொட்டகையைவிட்டு வெளிவரவில்லை. மார்ச் 13, சனிக்கிழமை, இடங்களை நிர்ணயிக்கும் தகுதிச் சுற்றில்தான் அவர் அவ்வண்டியை முதன்முதலாக ஓட்டினார். பிரேக் எங்கே பிடிக்கும், டயர் எப்போது வழுக்கும் என்பவற்றை உலகம் பார்த்துக்கொண்டிருக்கையில் அவர் கற்க வேண்டியதாயிற்று.

தில்லியில் அன்று மாலை நாமும், கோயம்புத்தூரிலிருந்து பணி மாறி வந்திருந்த தம்பி முறையான ஒருவரும் தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்தோம். "அண்ணா, நம்ம ஊர்க்காரர் வெளியே வந்துட்டார்!" என்று அவர் கூவியது இன்றும் காதில் இருக்கிறது. 24 பேரில் சந்தோக்குக்கு 24-ஆம் இடம். வெள்ளிக்கிழமை முதலே ஓடத் தொடங்கியிருந்த சக வீரர் புரூனோ சென்னாவுக்கும் அவருக்கும் வேறுபாடு 2 விநாடிக்கும் குறைவு. மறுநாள் செய்தித்தாள்களில் கடைசி இடம் என்னும் செய்தி மட்டுமே பெரிதாகத் தெரிந்தது. பந்தயத்தின் இரண்டாம் சுற்றில் வண்டி தடத்தைவிட்டு விலகி மோதி நின்றது. தம்பி தொலைக்காட்சியை அணைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் தம் அறைக்குச் சென்றார்.

அதே குழுவில் 2011-இல் கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் சேர்ந்தார். அவ்வாண்டும் புதிய வண்டிக்கு வெள்ளோட்டம் வாய்க்கவில்லை. தகுதிச் சுற்றின் முதற்பகுதியில் மிக விரைவாக ஓடியவரின் நேரத்தில் 107 விழுக்காட்டுக்குள் வராதோர் பந்தயத்தில் ஓடலாகாது என்னும் விதி அவ்வாண்டு மீண்டும் நடைமுறைக்கு வந்திருந்தது. மெல்போர்னில் எச்.ஆர்.டி.யின் இரு வண்டிகளும் அவ்வெல்லையைத் தொடவில்லை. 2012-இலும் அதே ஊரில் அதே கதை. அவ்வாண்டு இறுதியில் குழு மறைந்தது. திறமையில் குறைவுடையோர் என்று அவ்விரு வீரர்களையும் எளிதில் பேசுவோரிடம் நாம் கேட்பது இதுதான்: முன்னோட்டமின்றி இழுத்த தேர் நிலைக்கு வந்து சேராவிட்டால், வடம் பிடித்தவரையா பழிப்பீர்கள்?

சந்தோக்கின் கதையில் சொல்ல வேண்டியது இன்னும் சிறிது உள்ளது. பஹ்ரைனுக்கு இரண்டு வாரம் கழித்து, 2010 மார்ச் 28 அன்று, ஆஸ்திரேலியப் பந்தயம். இந்திய நேரப்படி ஞாயிறு முற்பகல் 11.30-க்குத் தொடக்கம். தம்பி அம்முறை பார்க்க வரமாட்டேன் என்றவர், பாதியில் வந்து கதவோரம் நின்றார். சென்னாவின் வண்டி பழுதுற்று நின்றுவிட்டது. சந்தோக்கின் வண்டி நிற்கவில்லை. முன்னே சென்றவர்களுக்கு 5 சுற்றுப் பின்தங்கி, 14-ஆம் இடத்தில் அவர் பந்தயத்தை முடித்தார். தம்பி உள்ளே வந்து அமர்ந்து, சாப்பாடு போடலாமா என்று கேட்டார்.