செயற்கை நுண்ணறிவும் மாணவரின் அமானிதமும்



சில மாதங்களுக்கு முன் நம் மஹல்லாவைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர் தம் ஆய்வேட்டை நம்மிடம் காட்டினார். நடை அழகாகவே இருந்தது. ஆனால், துணைநூல் பட்டியலில் கண்ட இரு அரபுக் கிதாபுகளை நாம் கேள்விப்பட்டதே இல்லை. அவ்வாசிரியர்களின் நூல்களை வரிசைப்படுத்திப் பார்த்தோம், அப்பெயர்களில் ஒன்றுமில்லை. வினவியபோது, "சாட்ஜிபிடி தந்தது, ஹஜ்ரத்" என்று தலைகுனிந்தார்.

2022 நவம்பரில் வெளிவந்த அக்கருவி, ஏராளமான எழுத்துகளிலிருந்து சொற்கள் தொடரும் முறையைக் கற்று, அடுத்து வரத்தக்க சொல்லைக் கணித்து எழுதுகிறது. அது சாட்சி கூறுவதில்லை. ஆகவே இல்லாத நூலுக்கும் பொருத்தமான பெயர் சூட்டிவிடுகிறது. அது புனைந்த தீர்ப்புகளை நியூயார்க் நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 2023-இல் 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. கற்றறிந்தோரே இடறிய இடம் இது!

ஹதீஸ்கலை அறிஞர்கள், ஒரு செய்தி எத்துணை அழகாயிருப்பினும், "இதை யார் அறிவித்தார்? அவர் யாரிடம் கேட்டார்?" என்று ஆராய்ந்த பின்னரே ஏற்றனர். அறிவிப்பாளர் வரிசையே இல்லாத இக்கருவியிடம் அவ்வினாவை நாம் கைவிடலாமா?

இக்கருவியை அறவே விலக்குமாறு நாம் கூறவில்லை. வீட்டில் பாடம் சொல்லித்தர எவருமில்லாத முதல் தலைமுறை மாணவருக்கு, விளங்காத பாடத்தை விளக்கவும், மொழிப்பிழை திருத்தவும் இது பேருதவியே. ஆயினும் கல்லூரி அனுமதித்த அளவோடு நில்லுங்கள். பயன்படுத்தியதை மறைக்காமல் குறிப்பிடுங்கள். கண்ணால் காணாத நூலை மேற்கோள் காட்டாதீர்கள். கருவி எழுதியதைத் தம் உழைப்பென ஒப்படைப்பது அமானித மோசடியாகும்.

ஆசிரியப் பெருமக்களே! வெறும் ஐயத்தால் மாணவர்மீது பழி சுமத்தாதீர்கள். இயந்திர எழுத்தைக் கண்டறியவென ஓப்பன்ஏஐ நிறுவனம் வெளியிட்ட கருவியை, துல்லியக் குறைவினால் 2023 ஜூலையில் அந்நிறுவனமே விலக்கிக்கொண்டது. மாணவரை அழைத்து நேரில் வினவுவதே நீதி.

அம்மாணவர் இரு வாரங்கள் உழைத்து அப்பகுதியை மீண்டும் எழுதினார். முந்தைய மெருகு அதில் இல்லை. ஆனால், நாம் கேட்ட ஒவ்வொரு வினாவுக்கும் அவரிடம் விடை இருந்தது. நாளை நோயாளிக்கு மருந்து எழுதும் கரத்திற்கும், பாலம் கட்டும் கரத்திற்கும் அவ்விடையே தேவை.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.