வழக்கை வகுத்தவரும் தீர்த்தவரும்: பண்டைய ரோமின் உரிமையியல் வழக்குகள்



ரோமானியச் சட்டம் என்றவுடன் ஜஸ்டினியன் பேரரசரின் தொகுப்புதான் பெரும்பாலோர் நினைவுக்கு வரும். கி.பி. 533-இல் அவர் நடைமுறைப்படுத்திய டைஜஸ்ட், சொத்துரிமை, ஒப்பந்தம், வாரிசுரிமை ஆகியவற்றின் களஞ்சியம். ஆனால் அந்த உரிமையை வைத்திருந்த சாதாரணக் குடிமகன், கொடுத்த கடன் திரும்பி வராதபோது என்ன செய்தான்? யார் முன்னால் போய் நின்றான்? இன்றைய உரை அதைப் பற்றியது. வழக்கின் கேள்வியை வகுக்கும் பொறுப்பை ஒருவரிடமும், அதற்கு விடை காணும் பொறுப்பை வேறொருவரிடமும் ரோமானியர் ஒப்படைத்தார்கள். அவர்களுடைய சட்டச் சாதனைகளில் இதையே தலையாயதாக நான் மதிக்கிறேன்.

தொடக்கம் கடுமையானது. கி.மு. 450-ஐ ஒட்டி எழுந்த பன்னிரு பலகைச் சட்டத்தின்படி, பிரதிவாதியை அழைத்துவருவது வாதியின் வேலை. வர மறுப்பவரைச் சாட்சிகள் முன்னிலையில் பிடித்து இழுத்துவரலாம். நோயாளியோ முதியவரோ என்றால் ஏறிவர ஒரு விலங்கைக் கொடுக்க வேண்டும். மெத்தையிட்ட வண்டி கொடுக்க வேண்டியதில்லை என்பதையும் அச்சட்டம் சொல்லிவைத்தது. நண்பகல் கடந்தும் ஒரு தரப்பு வராவிட்டால், வந்திருந்தவருக்கே வெற்றி. தோற்ற கடனாளிக்கு 30 நாள் தவணை. அதற்குள் கட்டாதவரைக் கடன் கொடுத்தவர் விலங்கிட்டு 60 நாள் தம்மிடம் வைத்திருக்கலாம்; மீட்பார் இல்லையென்றால் டைபர் ஆற்றுக்கு அப்பால் அடிமையாக விற்கலாம்.

அந்தக் காலத்து வழக்கில் வாதி வாய்மொழியாகச் சொல்ல வேண்டிய வாசகம் முன்பே வரையறுக்கப்பட்டிருந்தது. அதில் ஒரு சொல்கூடப் பிசகக்கூடாது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டின் சட்ட ஆசிரியர் காயுஸ் ஒருவனுடைய வழக்கைக் குறிப்பிடுகிறார். அவனுடைய திராட்சைக் கொடிகளை யாரோ வெட்டிவிட்டார்கள். முறையிடும்போது அவன் ‘கொடிகள்’ என்றான். சட்டத்திலோ ‘மரங்கள்’ என்றிருந்தது. வழக்குப் போயிற்று.

இந்த இறுக்கம் தளர்ந்தது பிரேட்டர் என்னும் நீதி அதிகாரியால். ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பட்ட இப்பதவி கி.மு. 367-இல் உருவானது, அயல்நாட்டார் வழக்குகளுக்கென இரண்டாவது பிரேட்டர் கி.மு. 242 வாக்கில் வந்தார். இரு தரப்பும் முதலில் பிரேட்டரிடம் வருவார்கள். அவர் சாட்சி விசாரிப்பதில்லை; தீர்ப்புச் சொல்வதும் இல்லை. தகராறு எதைப் பற்றியது என்பதை ஃபார்முலா எனப்பட்ட ஓரிரு வாக்கியங்களில் வடித்துத் தருவார். இன்னார் இன்னாருக்குப் பத்தாயிரம் செஸ்டர்ஸ் நாணயம் தரக் கடமைப்பட்டவர் என்பது புலப்பட்டால் அத்தொகையை விதிக்க வேண்டும், புலப்படாவிட்டால் விடுவிக்க வேண்டும் என்பது அதன் பொதுவான அமைப்பு. நம் நீதிமன்றங்களில் எழுவினா வனைகிறார்களே, அதற்கு நெருங்கிய பணி இது. அந்த வாசகத்தோடு வழக்கு ஒரு நடுவரிடம் போகும். அவர் பொதுவாக இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஒரு குடிமகன். சம்பளம் வாங்கும் நீதிபதி அல்லர். சட்டம் படித்தவராக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. கேள்வி தெளிவாக இருந்ததால்தான் அத்தகைய ஒருவர் விடை சொல்ல முடிந்தது.

கேள்வியே இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதை ரோமானியச் சொற்பொழிவாளர் சிசரோ எழுதிய ஒரு நிகழ்ச்சி காட்டுகிறது. கனியுஸ் என்ற ரோமானியர் சிராகூஸ் நகரில் ஒரு தோட்டம் வாங்க விரும்பினார். பிதியுஸ் என்ற வட்டிக்கடைக்காரர் அவரைத் தம் தோட்டத்துக்கு விருந்துக்கு அழைத்தார். அன்று தோட்டத்துக்கு முன்னால் படகு படகாக மீனவர்கள் வந்து மீனைக் கொட்டினார்கள். ஊரின் மீன் எல்லாம் இங்கேதான் என்றார் பிதியுஸ். கேட்ட விலை கொடுத்து வாங்கினார் கனியுஸ். மறுநாள் ஒரு படகும் இல்லை. இங்கே யாரும் மீன் பிடிப்பதே கிடையாதே, நேற்றுக் கண்டு எனக்கே வியப்பு என்றார் அடுத்த தோட்டத்துக்காரர். பச்சை ஏமாற்று! ஆனாலும் கனியுஸால் எதுவும் செய்ய முடியவில்லை. வஞ்சகத்துக்கான வழக்கு வாசகம் அப்போது கிடையாது. பின்னாளில் அதை வகுத்தவர், சிசரோவோடு பிரேட்டராக இருந்த அக்விலியுஸ் கல்லுஸ். ஒரு புதிய வாசகம் பிறந்ததும், அதுவரை வழியற்றிருந்தவர்களுக்கு வழி பிறந்தது.

நடுவரின் இருக்கை எவ்வளவு சுமையானது என்பதை ரோமானிய எழுத்தாளர் அவுலுஸ் கெல்லியுஸ் தம் சொந்த அனுபவமாக எழுதியிருக்கிறார். கி.பி. 2-ஆம் நூற்றாண்டு; அவர் அப்போது இளைஞர். வாதி ஊரறிந்த நேர்மையாளர். பணம் கொடுத்ததாகச் சொன்னார். எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை. பிரதிவாதி பொய்யன் என்று பெயரெடுத்தவர். ஆதாரம் எங்கே என்று அவர் தரப்பு வழக்குரைஞர்கள் முழங்கினார்கள். உடனிருந்து ஆலோசனை சொன்ன நண்பர்கள் விடுவித்துவிடச் சொன்னார்கள். கெல்லியுஸுக்கு மனம் ஒப்பவில்லை. வழக்கைத் தள்ளிவைத்துவிட்டுத் தத்துவ அறிஞர் ஃபவோரினுஸிடம் போனார். இருவரில் நல்லவர் யாரோ அவரை நம்பு என்றார் அறிஞர். சான்றை விட்டுவிட்டு ஒழுக்கத்தை எடைபோட்டுத் தீர்ப்பளிக்கத் தம் வயது போதாது என்று கருதிய கெல்லியுஸ், வழக்கு தமக்குத் தெளிவாகவில்லை என்று சத்தியம் செய்து விலகிக்கொண்டார். சட்டம் அதற்கு இடம் தந்தது. தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டித் தீர்ப்பெழுத அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. எனக்கு இது மிகவும் உயர்ந்த ஏற்பாடாகப் படுகிறது.

இம்முறையைப் புகழும்போது அதன் குறையை மறைப்பது சரியன்று. பதவியில் இருந்த உயர் அதிகாரிகளை வழக்குக்கு இழுக்க முடியாது. விடுதலை பெற்ற அடிமை தன் பழைய எசமானர்மீது வழக்குத் தொடர பிரேட்டரின் அனுமதி வேண்டும். வென்ற பிறகும் பணத்தை வசூலிக்கும் பாடு வாதியுடையது. வலியவனை எதிர்த்த எளியவனுக்கு எத்தனை நேர்த்தியான வாசகமும் பாதி வழிதான் துணை வந்தது.

பேரரசு காலத்தில் அதிகாரி ஒருவரே கேள்வியை வகுத்து விடையும் சொல்லும் முறை பரவியது. பழைய வழக்கு வாசகங்களைக் கி.பி. 342-இல் ஓர் அரசாணை ஒழித்தது. அவற்றைப் பற்றி இன்று இவ்வளவு தெரிந்திருப்பதற்குக் காரணம், 1816-இல் வெரோனா நகர நூலகத்தில் நீபூர் என்ற ஜெர்மானிய அறிஞர் கண்டெடுத்த தோல் சுவடி. புனித ஜெரோமின் கடிதங்களுக்கு அடியில், சுரண்டி அழிக்கப்பட்ட நிலையில், காயுஸின் பாடநூல் இருந்தது. நான்கு பகுதிகள் கொண்ட அந்நூலின் கடைசிப் பகுதி வழக்கு நடத்துவதைப் பற்றியது. மாணவர்களே, காயுஸை எடுத்தால் அந்த நான்காம் பகுதியிலிருந்து படிக்கத் தொடங்குங்கள்.