நம்ம உடம்பு, யாரோட கேள்வி?

(தாம்பரத்தில் மாணவர்கள் மத்தியில் பேசியதன் எழுத்து வடிவம்)



தாம்பரம்னாலே ஊர் உலகத்துக்குக் காசநோய் ஆஸ்பத்திரிதான் ஞாபகம். 1928இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய சானடோரியம் அது. நல்ல காத்து, ஓய்வு, சத்தான சாப்பாடு. அன்னிக்கு வைத்தியம் அவ்வளவுதான். சேரி சனங்களுக்கு இது மூணும் ஏது?

1956இல் சேத்துப்பட்டில் காசநோய் ஆய்வு மையம் வந்தது. சென்னை நகரத்து ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு வீட்டிலேயே மாத்திரை, மற்றவர்களுக்கு சானடோரியத்தில் மாத்திரை. ரெண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணமாகுதுன்னு 1959இல் தெரிந்தது. உலகத்தில் காசநோய் வைத்தியமே மாறியது. 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் லட்சக்கணக்கான பேரிடம் பி.சி.ஜி. தடுப்பூசியைச் சோதித்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று தெரிந்தது.

இந்த ஆய்வுகளை நாம குறை சொல்லலை. அதனால பிழைத்த உயிர்கள் ஏராளம். ஆனா, எதை ஆராயணும்னு முடிவு செய்த இடத்தில் நம்ம ஆள் இருந்தாரா?

பணம் தருவது ஐ.சி.எம்.ஆர். எனும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில். 1911இல் வெள்ளைக்காரன் தொடங்கியது. 1949இல் இந்தப் பெயர் பெற்றது. 2007இல் இதற்கென மத்திய அரசு சுகாதார ஆராய்ச்சித் துறையை உருவாக்கியது. அந்தத் துறையின் செயலாளர்தான் கவுன்சிலின் தலைமை இயக்குநரும். பணத்தை ஒதுக்குகிறவரும் வாங்கிச் செலவழிக்கிறவரும் ஒரே ஆள்னா, கணக்கு கேட்பது யார்?

அடுத்தது பதவி. ஆராய்ச்சியை நடத்துகிற, வழிகாட்டுகிற அறிவியல் பதவிகளில், 'ஏ' பிரிவின் கடைசிப் படிக்கு மேலே இடஒதுக்கீட்டிலிருந்து விலக்குப் பெறலாம் என்கிறது 1975ஆம் ஆண்டு மத்திய அரசு ஆணை. வாசலில் விட்டுவிட்டு மாடிப்படியை எடுத்துவிடுகிற வேலை இது.

நாகல்கேணி தோல் ஷெட்டில் குரோம் தண்ணியில கை வைக்கிறவரைக் கேளுங்க. திரிசூலம் குவாரியில கல்லுத்தூளைச் சுவாசித்தவரைக் கேளுங்க. 2013 சட்டம் தடை செய்த பிறகும் மலக்குழியில் இறக்கப்பட்டவரின் மனைவியைக் கேளுங்க. ஆராய வேண்டிய கேள்விகள் அவங்ககிட்ட இருக்கு.

அதனால கோரிக்கை மூணு. செயலாளர் வேறு, தலைமை இயக்குநர் வேறு என்று பிரிக்கணும். 1975 விலக்கை ரத்து செய்யணும். நிதி ஒதுக்கும் குழுக்களில் நோயாளிகளுக்கும் தொழிலாளர்களுக்கும் ஓட்டுரிமையோடு இடம் தரணும். அறநெறிக் குழுவில் பொதுமக்களில் ஒருத்தர் இப்பவே இருக்காரேன்னு சொல்வாங்க. ஆய்வுத் திட்டத்தை எழுதி முடித்த பிறகுதான் அது அவர் கைக்கு வருது. எழுதும்போதே நாம இருக்கணும்.

மருத்துவமும் அறிவியலும் படிக்கிற தோழர்கள் இதைக் கையில் எடுங்க.