கருவிக்கும் நல்ல குறிப்பு வேண்டும்



"செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, இனி எழுதத் தெரிந்தவர்களுக்கு என்ன வேலை?" என்று பலர் கேட்கிறார்கள். தெளிவாக எழுதத் தெரிந்தவர்களுக்கு இப்போதுதான் வேலை கூடியிருக்கிறது என்று வாதிட வந்திருக்கிறேன்.

நம் புளோக்கில் மின்தூக்கி பழுதானால் நகர மன்றத்துக்குச் சொல்கிறோம். அங்கே புகாரைப் பதிந்துகொள்கிறார்கள். யார் பொறுப்பு, வேலை எந்த நிலையில் இருக்கிறது என்பதும் பதிவாகிறது. மென்பொருள் நிறுவனங்களிலும் இப்படிப்பட்ட புகார்ப் பதிவேடுகள் உண்டு. பக்ஸில்லா 1998இலும் ஜிரா 2002இலும் வந்தன. 2008இல் தொடங்கிய கிட்ஹப் தளத்திலும் இவ்வசதி இருக்கிறது.

இந்தப் பதிவேடுகளை இன்று மனிதர்கள் மட்டும் கையாளவில்லை. செயற்கை நுண்ணறிவு முகவர்களும் புகாரைத் தேடுகின்றன, பதிகின்றன, மூடுகின்றன. ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' என்ற பொது நெறிமுறையை வெளியிட்டது. அதன் பிறகு, இத்தகைய இணைப்புகளை அமைப்பது எளிதாகிவிட்டது.

வேலைக்குப் புதிதாக வந்தவர் பக்கத்து மேசையில் இருப்பவரைக் கேட்டுத் தெரிந்துகொள்வார். முகவருக்கு அந்த வசதி இல்லை. கருவியின் பெயர், அது என்ன செய்யும் என்ற குறிப்பு, என்னென்ன விவரம் கொடுக்கவேண்டும் என்ற பட்டியல் ஆகிய மூன்றையும் படித்துத்தான் அது முடிவெடுக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு பாருங்கள். 'புகார்களைப் பட்டியலிடும்' என்று மட்டும் ஒரு கருவிக்குக் குறிப்பு எழுதியிருக்கிறார்கள். கிட்ஹப்பிடம் நிரல் வழியாகப் பட்டியல் கேட்டால், நாம் வேறு எண்ணிக்கை சொல்லாதவரை, ஒரு பக்கத்துக்கு 30 மட்டுமே வரும். கேட்டுப் பெற்றாலும் 100க்கு மேல் வராது. போதாததற்கு, நிரலை மாற்ற அனுமதி கேட்கும் கோரிக்கைகளும் அதே பட்டியலில் கலந்து வரும். இது தெரியாத முகவர், 140 புகார்கள் இருந்தாலும் "மொத்தம் 30" என்று மேலாளரிடம் சொல்லிவிடும். 'ஒரு பக்கம்தான் வரும், அடுத்த பக்கத்தையும் கேள். மாற்றக் கோரிக்கைகளை நீக்கிவிட்டு எண்ணு' என்று இரண்டு வரி எழுதியிருந்தால் இந்தத் தவறு நேர்ந்திருக்காது.

ஜிராவில் வேறொரு சிக்கல். புகாரின் நிலையை நினைத்தபடி அழித்து எழுத முடியாது. அந்தக் குழு வகுத்துள்ள படிகளின் வழியாகத்தான் நகர்த்த வேண்டும். இணையவழி ஜிராவில் ஒருவரிடம் வேலையை ஒப்படைக்க, பெயர் போதாது, கணக்கு எண் வேண்டும். நம் ஊரில் ஓர் அலுவலகத்தில் மூன்று குமார்கள் இருக்கலாம் அல்லவா? 'முதலில் பெயரைத் தேடி எண்ணைப் பெறு, ஒருவருக்கு மேல் இருந்தால் கேட்டுவிட்டுச் செய்' என்று குறிப்பு சொல்லவேண்டும்.

எனக்கு முக்கியமாகப் படுவது 'மூடு' என்ற சொல். கிட்ஹப்பில் ஒரு புகாரை 'முடிந்தது' என்றும் மூடலாம், 'செய்யும் திட்டமில்லை' என்றும் மூடலாம். தம் கோப்புகள் அழிந்துபோவதாக ஒருவர் முறையிட்டிருக்கிறார். கோளாறு அப்படியே இருக்க, முகவர் அதை 'முடிந்தது' என்று மூடிவிட்டால், அந்த மனிதர் நம்பிக்கையோடு மீண்டும் அதே மென்பொருளில் வேலை செய்வார், மறுபடியும் இழப்பார். எனவே, ஒரு கருவியை எப்போது பயன்படுத்தவேண்டும் என்பதோடு, எப்போது பயன்படுத்தக்கூடாது என்பதையும் எழுதவேண்டும். 'தீர்வு சோதிக்கப்பட்ட பிறகே மூடு, ஐயமிருந்தால் கருத்து மட்டும் எழுதி வை.'

அப்படியென்றால் பக்கம் பக்கமாக எழுதலாமா? கூடாது. எல்லாக் கருவிகளின் குறிப்புகளையும் முகவர் பெரும்பாலும் ஒருசேரச் சுமக்கிறது. குறிப்பு நீண்டால் முக்கியமானது மறைந்துபோகும். ஒன்றுபோல் ஒலிக்கும் இரண்டு கருவிகள் இருந்தால் குழம்பும். தொலைக்காட்சியில் எங்களுக்குத் தரப்படும் குறிப்பு அட்டையும் அப்படித்தான். இரண்டு வரி இருந்தால் உதவும், இரண்டு பக்கம் இருந்தால் நேரலையில் திணறுவோம்.

குறிப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது பூட்டு ஆகாது என்பதையும் சொல்லவேண்டும். அழிக்கும் அதிகாரத்தை மனிதரின் ஒப்புதலோடு மட்டுமே தரவேண்டும். புகாருக்குள்ளேயே முகவரை ஏமாற்றும் கட்டளையை ஒருவர் எழுதி வைக்கவும் கூடும்.

எழுதி முடித்ததும் முகவரிடம் கொடுத்துச் சோதியுங்கள். எந்த இடத்தில் தவறுகிறதோ அந்த வரியைத் திருத்துங்கள். இதற்கு நிரல் அறிவோடு, படிப்பவர் நிலையில் நின்று யோசிக்கும் மனமும் வேண்டும். மொழியை நேசித்துப் படிக்கும் நம் இளையர்களிடம் அந்த மனம் இருக்கிறது. கணினித் துறை தங்களுக்கு அந்நியம் என்று அவர்கள் ஒதுங்கிவிடக்கூடாது என்பதே என் வேண்டுகோள்.