பீக்வாட் என்னும் பெயர்

நினைவுப் பேருரையில் ஒரு கடல் நாவலா என்று சிலர் நினைக்கலாம். 1851இல் வெளிவந்த ஹெர்மன் மெல்வில்லின் ‘மோபி டிக்’ திமிங்கில வேட்டைக் கதையாகவே நமக்கு அறிமுகமானது. அந்த வேட்டைக் கப்பலின் பெயரருகில் நாம் சற்று நிற்க வேண்டியிருக்கிறது.

கப்பலின் பெயர் பீக்வாட். அது வட அமெரிக்கப் பூர்வகுடி மக்களின் பெயர். 1637 மே மாதம் மிஸ்டிக் ஆற்றருகே அவர்களுடைய குடியிருப்பை ஆங்கிலேயக் குடியேறிகள் சூழ்ந்து தீயிட்டார்கள். பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். அடுத்த ஆண்டு ஹார்ட்ஃபோர்டு ஒப்பந்தம், உயிர் தப்பியவர்கள் பீக்வாட் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளவே கூடாது என்றது. ஊரை எரித்த பிறகு பெயரையும் எரிப்பது! இதை இந்த அவைக்கு விளக்க வேண்டியதில்லை.

தடை செய்யப்பட்ட அந்தப் பெயரை, மூழ்கப்போகும் கப்பலுக்குச் சூட்டினார் மெல்வில். ஆனால் அதே இடத்தில் அந்த மக்கள் அற்றுப்போனார்கள் என்றும் எழுதிவிட்டார். அவர் எழுதிய நாளிலும் கனெக்டிகட்டில் அவர்கள் வாழ்ந்துகொண்டுதான் இருந்தார்கள். மஷாண்டக்கெட் பீக்வாட் மக்களை அமெரிக்க அரசு 1983இல் சட்டப்படி ஏற்றது. எவ்வளவு பெரிய எழுத்தாளரானாலும் இந்த இடத்தில் நாம் அவரோடு உடன்படுவதற்கில்லை.

வேறோர் அத்தியாயத்தில் வேட்டைக்காரர்களின் வழக்கம் ஒன்று வருகிறது. கயிறு மாட்டிய திமிங்கிலம் மாட்டியவனுக்கு. கயிறில்லாதது முதலில் பிடிப்பவனுக்கு. மெல்வில் இதைக் கரைக்கு இழுத்து வருகிறார். கொலம்பஸுக்கு அமெரிக்காவும் இங்கிலாந்துக்கு இந்தியாவும் கயிறில்லாத மீன்கள். ரஷ்யப் பண்ணையடிமைகளும் அமெரிக்கக் குடியரசின் அடிமைகளும் கயிறு மாட்டப்பட்டவர்கள். இந்தியா என்ற சொல்லைக் கண்டு பூரிப்பவர்கள் உண்டு. அந்த இந்தியாவுக்குள் கயிறு யார் கையில் இருந்தது என்று நாம் கேட்போம்.

கப்பலில் பிப் என்றொரு கறுப்பினச் சிறுவன். வேட்டைப் படகிலிருந்து பயந்து குதித்தவனிடம், அலபாமாவில் உன்னை விற்றால் கிடைப்பதைப்போல் முப்பது மடங்கு ஒரு திமிங்கிலத்துக்குக் கிடைக்கும் என்கிறான் ஸ்டப். அவன்தான் படகின் தலைவன். மறுபடி குதித்தபோது பிப்பை நடுக்கடலில் விட்டுப் போகிறார்கள்.

இந்த விலைப்பேச்சு வெறும் கற்பனையல்ல. தப்பியோடிய அடிமைகளைப் பிடித்து உடையவனிடமே ஒப்படைக்கும் சட்டம் 1850இல் வந்தது. ஜார்ஜியாவிலிருந்து தப்பி பாஸ்டனுக்கு வந்த தாமஸ் சிம்ஸை விடுவிக்க, 1851 ஏப்ரலில் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் மறுத்தது. தலைமை நீதிபதி லெமுவல் ஷா, மெல்வில்லின் மாமனார். நாவலை மெல்வில் அப்போது இன்னும் எழுதி முடித்திருக்கவில்லை.

சிம்ஸைக் கப்பலில் ஏற்றி சவானாவுக்கு அனுப்பினார்கள். அங்கே பலர் பார்க்கச் சவுக்கால் அடித்தார்கள். 1863இல் அவர் மறுபடியும் தப்பினார்.