கடையின் பின்னறையில் ஒரு பள்ளி

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், போதிய சொத்தில்லாதவர் வாக்காளராகப் பதிவு பெற வேண்டுமாயின் அரசியல் சாசனத்தின் ஒரு பகுதியை அதிகாரியின் முன் வாசித்துக் காட்ட வேண்டுமென்ற விதி இருந்தமையால், ஜான்ஸ் தீவின் கறுப்பின மக்களில் எழுத்தறியாதோர் அவ்வுரிமையை இழந்தே வாழ்ந்தனர். தீவினரை சார்ல்ஸ்டன் நகரத்து வேலைக்கு ஏற்றிச் சென்ற பஸ்ஸின் உரிமையாளர் ஈசா ஜென்கின்ஸ், பிரயாண நேரத்திலேயே அச்சாசனத்தைச் சொல்லிக் கொடுக்கலானார்.

அது போதாதெனக் கண்டு, 1957 ஜனவரியில், ஊராரின் கூட்டுறவு மளிகைக் கடையின் பின்னறையில் ஓர் இரவுப் பள்ளி தொடங்கிற்று. அதற்கு வழிகாட்டிய செப்டிமா கிளார்க், கறுப்பினத்தாரின் உரிமைச் சங்கத்தில் அங்கத்தினராக இருந்தமைக்காகவே ஆசிரியை உத்தியோகத்தை இழந்தவர். கற்பித்த பெர்னிஸ் ராபின்சனோ சிகை அலங்காரத் தொழில் செய்தவர். பகலெல்லாம் உழைத்துக் காய்ப்பேறிய விரல்கள், அட்டையில் எழுதிய தம் பெயரின் மீதே பென்சிலை ஓட்டி ஓட்டிப் பழகி, மணியார்டர் படிவம் நிரப்பவும், பின்னர் சாசனத்தை வாசிக்கவும் தேர்ந்தன என்பதை எண்ணும்போது நெஞ்சம் நெகிழ்கிறது. பட்டம் பெற்றவரைத் தேடாமல், ஊராரின் நம்பிக்கைக்குப் பாத்திரமானவரை அமர்த்தியதே அம்முயற்சியின் ஜீவநாடி என்பது என் அபிப்பிராயம். அம்முறை தென் மாநிலங்களெங்கும் பரவிற்று. 1965-ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் அங்கே எழுத்தறிவுச் சோதனையையே நிறுத்தி வைத்தது.