மாறும் வேலையுலகில் நிறுவன மேம்பாடு

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கவிதை ஒலிக்க வேண்டிய மேடையில் ஆலையையும் அலுவலகத்தையும் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதற்குப் பொறுப்பு அழைத்தவர்களுடையது. பொறுத்துக்கொள்ளும் கடமை உங்களுடையது. பணியாளர் துறையிலேயே வாழ்நாளைக் கழித்த ஒருவனை அழைத்து, "நீங்கள் அறிந்ததையே பேசுங்கள்" என்று விழாக் குழுவினர் பணித்தார்கள். நான் சிறிது அறிந்தது நிறுவன மேம்பாடு என்னும் துறை. தமிழில் இதற்கு 'அமைப்பு வளர்ச்சி' என்றும் ஒரு பெயர் வழங்குகிறது. நிறுவனம் என்பது யாரோ ஒருவர் நிறுவியது. அமைப்பு என்பதோ தானாகவும் அமைவது. 'அமை' என்பதற்குப் பொருந்துதல் என்றும் மூங்கில் என்றும் பொருளுண்டு என்பதை இந்த அவையில் நான் சொல்ல வேண்டியதில்லை. என் மனம் இரண்டாம் பெயரையே நாடுகிறது. ஆயினும் வழக்கில் வென்றது முதற்பெயர். நானும் அதையே ஆள்கிறேன்.

இத்துறை பிறந்த கதை சுவையானது. நாஜி ஆட்சி வந்த 1933ஆம் ஆண்டில் ஜெர்மனியை விட்டு அமெரிக்காவில் குடியேறிய யூத உளவியல் அறிஞர் கர்ட் லெவின். 1946ஆம் ஆண்டுக் கோடையில் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ பிரிட்டன் என்னும் ஊரில், இன வேற்றுமையைக் களையும் பணியில் ஈடுபட்டிருந்தோருக்காக அவர் ஒரு பயிற்சிப் பட்டறை நடத்தினார். வந்தவர்கள் பகலில் குழுக்களாக அமர்ந்து உரையாடுவார்கள். குழுக்களில் இருந்த ஆய்வாளர்கள், யார் எப்படிப் பேசினார், யார் வாய் திறக்கவேயில்லை என்று குறித்துக்கொள்வார்கள். மாலையில் ஆய்வாளர்களும் பயிற்றுநரும் மட்டும் தனியே கூடி அக்குறிப்புகளை அலசுவார்கள். ஒரு மாலை பங்கேற்பாளர் சிலர் வந்து, தாங்களும் அமர்ந்து கேட்கலாமா என்றனர். உடனிருந்தோர் தயங்கினர், லெவின் இசைந்தார். தம் நடத்தையைப் பற்றி ஆய்வாளர் கூறியதைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, நடந்தது அப்படியன்று என்று மறுத்தார். அறையில் சூடு பரவியது. அடுத்தடுத்த மாலைகளில் பகல் வகுப்பைவிட அந்த மாலைக் கூட்டத்திற்கே எல்லோரும் ஆவலுடன் வரத் தொடங்கினர்.

லெவின் 1947 பிப்ரவரியில் மறைந்தார். அவ்வாண்டுக் கோடையில் மெய்ன் மாநிலத்துப் பெத்தல் என்னும் சிற்றூரில் அவருடைய தோழர்கள் அந்த மாலைக் கூட்டத்தையே ஒரு பயிற்சிமுறையாக வளர்த்தெடுத்தனர். ஒருவரைப் பற்றிப் பேசும் அறையில் அவரும் இருக்க வேண்டும். இருந்து மறுக்கவும் அவருக்கு இடம் வேண்டும். இதுவே இத்துறையின் உயிர்நாடி. பின்னாளில் இத்துறையினர் எழுதிக் குவித்த நூல்களில் பெரும்பகுதி இதன் விரிவுரையே என்பது என் எண்ணம். இலக்கிய வட்டங்களுக்கு இது புதுமையன்று. ஒருவர் தம் கவிதையைப் படிக்கிறார். மற்றவர்கள் அதை அவர் முன்னிலையிலேயே எடைபோடுகிறார்கள். அவர் கேட்கிறார், சில வேளை சினக்கிறார், சில வேளை ஒரு சொல்லை மாற்றிக்கொள்கிறார். நம் அரங்கேற்ற மரபும் இதுதானே! ஆலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் இது புதிதாக இருந்தது. இன்றும் புதிதாகவே இருக்கிறது.

அதே காலத்தில் இங்கிலாந்தில், 1947இல் லண்டனில் தொடங்கப்பெற்ற டாவிஸ்டாக் மனித உறவுகள் ஆய்வு நிறுவனத்தார் நிலக்கரிச் சுரங்கங்களுக்குள் இறங்கினார்கள். எரிக் டிரிஸ்ட், கென் பாம்ஃபோர்த் ஆகிய இருவரும் 1951இல் வெளியிட்ட கட்டுரை புகழ்பெற்றது. பாம்ஃபோர்த் தாமே பல்லாண்டுகள் சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர். பழைய முறையில் இரண்டு மூன்று பேர் தாமாகக் கூட்டுச் சேர்ந்து ஒரு முகப்பை ஏற்பார்கள். வெட்டுவதும் அள்ளுவதும் கூரைக்கு முட்டுக் கொடுப்பதும் அவர்களுடைய பொறுப்பே. டர்ஹாம் வட்டாரத்தில் அந்தக் கூட்டாளிக்கு 'மாரோ' என்று ஒரு தனிச் சொல்லே இருந்தது. வெட்டும் எந்திரமும் சுமக்கும் பட்டையும் வந்தபின், நாற்பது பேர் மூன்று முறைகளாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு முறையினர் துளையிட்டு வெட்ட, அடுத்த முறையினர் பட்டையை நகர்த்த, மூன்றாம் முறையினர் அள்ளினர். முன்னவர் செய்த குறை இருளில் பின்னவர் தலையில் விழுந்தது. எந்திரம் வளர்ந்தும் விளைவு எதிர்பார்த்தபடி வளரவில்லை. பகையும் நோயும் வேலைக்கு வராமையும் பெருகின. தொழில்நுட்பத்தை மட்டும் அமைத்தால் போதாது, அதைச் சுற்றி மனிதர் எவ்வாறு அமைகிறார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்னும் கருத்து அங்கேதான் உருப்பெற்றது.

அன்பர்களே, அக்கருத்து முழு உருவில் சோதிக்கப்பட்ட இடங்களுள் ஒன்று நம் நாட்டில் இருக்கிறது. அது அகமதாபாத். சாராபாய் குடும்பத்தின் காலிகோ ஆலை. 1918இல் காந்தியடிகள் உண்ணாநோன்பிருந்த மில் வேலைநிறுத்தத்தில், ஆலை முதலாளி அம்பாலால் சாராபாய் ஒரு பக்கம், அவருடைய உடன்பிறந்த அனசூயா தொழிலாளர் பக்கம் என்று நின்ற ஊர் அது.

1952இல் அங்கே தானியங்கித் தறிகள் வந்தன. ஒரு கூடத்தில் 224 தறிகள், 29 தொழிலாளர். நேரமளந்து கணக்கிட்டு அவர்களுக்குப் 12 வகை வேலைகளாகப் பங்கிட்டார்கள். தறியைப் பார்ப்பவர் ஒருவர், ஊடை நூல்கண்டு நிரப்புபவர் ஒருவர், கொத்தாக அறுந்த இழைகளைச் சீர்செய்பவர் ஒருவர், பாவு ஏற்றுபவர் ஒருவர், கண்டு சுமப்பவர், துணி சுமப்பவர், எண்ணெய் விடுபவர், பெருக்குபவர், காற்றின் ஈரப்பதம் பேணுபவர் என்று நீளும் அப்பட்டியல். தாளில் எல்லாம் சரியாக இருந்தது. நூல் அறுவதும் நின்றபாடில்லை; பழுதுபட்ட துணியும் குறைந்தபாடில்லை.

டாவிஸ்டாக்கிலிருந்து ஏ.கே. ரைஸ் 1953இல் வந்து பார்த்தார். எட்டு நெசவாளர்க்குக் கண்டு நிரப்புவோர் ஐவர், இழை சீர்செய்வோர் மூவர். அதாவது ஒரு நெசவாளரோடு உழைத்தவர், கணக்குப்படி, எட்டில் ஐந்து பங்கு மனிதர் ஒருவரும் எட்டில் மூன்று பங்கு மனிதர் ஒருவரும்! நூல் அறுந்தால் யாரைக் கூப்பிடுவது? வந்தவர் உங்கள் ஆளா, பக்கத்துத் தறிக்காரரின் ஆளா? உழைப்பு ஒருவரோடொருவர் பின்னிக் கிடந்தது. உழைத்தவர்களோ தனித்தனி இழைகளாகக் கிடந்தார்கள். பாவும் ஊடையும் அறிந்த நெசவுக்கூடத்தில் இப்படி நேர்ந்ததை எண்ணி நான் பலமுறை வியந்திருக்கிறேன்.

ரைஸ் முன்வைத்தது எளிய யோசனை. குறிப்பிட்ட சில தறிகளுக்கு ஒரு சிறு குழு, அத்தறிகளின் எல்லாப் பொறுப்பும் அக்குழுவுக்கே, தலைவர் குழுவுக்குள்ளிருந்தே. யோசனை நிர்வாகத்தின் மேசையில் இருந்தபோதே மேற்பார்வையாளர் வழியாகத் தொழிலாளர் காதுக்கு எட்டியது. அவர்கள் காத்திருக்கவில்லை. யார் யாரோடு சேர்வது என்பதைத் தாமே பேசி முடித்துக் குழுக்களை அமைத்துவிட்டார்கள். தொடக்கத்தில் தடுமாற்றம் இருந்தது. பிறகு தறிகளின் திறன் உயர்ந்தது, பழுதுத் துணி குறைந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. தெரிந்து வினையாடல் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், தக்கவனை ஆராய்ந்து தேர்ந்தபின் வேலையை அவனிடமே விட்டுவிட வேண்டும் என்கிறார். மேலாண்மைக் கூட்டங்களில் இதைக் காட்டாத பேச்சாளர் இல்லை. ஆனால் அது அரசனை நோக்கிய அறிவுரை. தேர்பவன் மேலே இருக்கிறான், தேரப்படுபவன் கீழே இருக்கிறான். அகமதாபாத்தில் தறிக்காரர்கள் ஒருவரையொருவர் தேர்ந்தார்கள். டர்ஹாமில் கூட்டாளியைத் தேர்ந்ததும் அப்படித்தான். இந்த வேற்றுமையை நம் மேலாண்மைப் பேச்சாளர்கள் கவனித்ததாக எனக்குத் தெரியவில்லை.

கதை அங்கே முடியவில்லை. ரைஸின் உடன் உழைப்பாளர் எரிக் மில்லர் 1970இல் மீண்டும் அந்த ஆலைக்குச் சென்றார். ஓரிடத்தில் குழுமுறை பதினேழு ஆண்டுகளுக்குப் பின்னும் ஏறத்தாழ அப்படியே இருந்தது. பிற இடங்களில் தேய்ந்து போயிருந்தது. சந்தையின் நெருக்கடி வந்தபோது மேலிருந்தோர் குழுவுக்குள் கைவைத்தார்கள். குழுவுக்கு வெளியே தாங்கள் காக்க வேண்டிய எல்லையைக் காக்கத் தவறினார்கள். குழுவுக்கு வேண்டியது நல்ல நூலும் உதிரிப் பாகமும் பயின்ற ஆளும், கிடைத்ததோ கட்டளை. 1980களிலும் 1990களிலும் அகமதாபாத் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன; காலிகோவும் தப்பவில்லை. சாராபாய் குடும்பத்தார் 1949இல் தொடங்கிய துணி அருங்காட்சியகம் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. தறிகள் இல்லை. நிறுவன மேம்பாடு ஓர் ஆலையைச் சந்தையிலிருந்து காக்கும் மந்திரமன்று என்பதை நாம் மறைக்கக் கூடாது. ஆலை வாழ்ந்த காலத்தில் அதற்குள் மனிதர் எப்படி வாழ்ந்தார்கள் என்பதே அதன் கேள்வி.

பின்னாளில் இத்துறை செல்வாக்குப் பெற்றது. செல்வாக்கோடு சீரழிவும் வந்தது. ஆட்குறைப்பை முன்னரே முடிவு செய்துவிட்டு, அதை வலியில்லாமல் விழுங்கவைப்பதற்கு ஆலோசகரை அழைக்கும் வழக்கம் தோன்றியது. ஆண்டுக்கொருமுறை கருத்துப் படிவம் கொடுப்பார்கள். நிரப்பிய தாள்கள் எங்கே போயின என்பது நிரப்பியவருக்குத் தெரியாது. நான் பணியாற்றிய ஓரிடத்தில் அப்படிவங்கள் கட்டுப் பிரிக்கப்படாமலே அலமாரியில் இருந்ததைக் கண்டிருக்கிறேன். பேசப்படுபவர் அறைக்குள் வந்தது போன்ற தோற்றம் இருந்தது. கதவு திறக்கவில்லை.

சொல்லும் மாறியது. 1975இல் லார்சன் அண்டு டூப்ரோ நிறுவனத்துக்காகப் பேராசிரியர்கள் உதய் பரீக், டி.வி. ராவ் ஆகியோர் வகுத்துத் தந்த முறையே இந்தியாவில் 'மனிதவள மேம்பாடு' என்னும் தனித்துறைக்கு வழிகாட்டியது. நல்ல நோக்கம் கொண்ட முயற்சி அது. ஆயினும் அந்தச் சொல்லை எண்ணிப் பாருங்கள். ஆங்கிலத்தில் மூலப்பொருளுக்கும் கருவூலத்துக்கும் வழங்கும் சொல்லை மனிதருக்கு ஆக்கினார்கள். தமிழில் அது 'வளம்' ஆனபோது வயலும் நீரும் நினைவுக்கு வந்து, சொல் அழகு பெற்றுவிட்டது. அழகு பெற்றதாலேயே அதன் உட்பொருள் மறைந்துவிட்டது. பாவலர்கள் இத்தகைய சொற்களைக் கேள்வி கேட்காமல் விட்டால் வேறு யார் கேட்பது?

இப்போது நம் காலத்துக்கு வருகிறேன். 2020 மார்ச்சில் பெருந்தொற்று பலருடைய அலுவலகத்தை ஒரே வாரத்தில் வீட்டுக்குள் கொண்டுவந்தது. நோய் தணிந்தபின் பலர் திரும்பினர். பலர் முழுதாகத் திரும்பவேயில்லை. திரைகளின் வழியே கூடுவோர் கூட்டம் முடிந்ததும் பொத்தானை அழுத்தி மறைகிறார்கள். கூட்டம் முடிந்தபின் தாழ்வாரத்தில் நடக்கும் அந்த மெய்யான கூட்டம் அங்கே இல்லை. இதையாவது ஓரளவு சரிசெய்துகொள்ளலாம். திங்கள்தோறும் சில நாள் நேரில் கூடினால் போதும். ஆகவே இதை நான் பெரிதாக்கவில்லை.

பெரிது மற்றொன்று. உணவுப் பொட்டலத்தை முதுகில் சுமந்து இருசக்கர வண்டியில் பறக்கும் இளைஞரை நாள்தோறும் காண்கிறோம். இத்தகைய பணிகளில் 2020–21இல் 77 இலட்சம் பேர் இருந்ததாகவும், 2029–30இல் அவர்கள் 2.35 கோடி ஆகக்கூடும் என்றும் நிதி ஆயோக் 2022இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. நிறுவனங்கள் அவரைத் தொழிலாளி என்பதில்லை. 'பார்ட்னர்', அதாவது பங்காளி என்கின்றன. எந்தப் பங்கு என்று அவருக்கும் தெரியாது. எந்த வேலை யாருக்கு, எவ்வளவு கூலி, எத்தனை விண்மீன், எப்போது கணக்கு முடக்கம் என்பதையெல்லாம் பெரும்பாலும் கணினி நெறிமுறை தீர்மானிக்கிறது. நியூ பிரிட்டனில் அந்தப் பெண்மணி 'நடந்தது அப்படியன்று' என்றார். இவர் யாரிடம் சொல்வார்? மழையில் தெரு மூழ்கியதால் தாமதமானது என்பதைக் கேட்க அறையுமில்லை, ஆளுமில்லை. 29 பேர் ஒரே கூரையின் கீழ் இருந்ததால்தான் காலிகோ தறிக்காரர்கள் தமக்குள் பேசிக் குழு அமைத்தார்கள். இவர்களுக்குக் கூரை இல்லை. உணவகத்தின் வாசலும் தேநீர்க் கடையின் ஓரமுமே உண்டு.

அலுவலகத்தில் இருப்போர் இது தமக்கு வராது என்று எண்ண வேண்டாம். பல நிறுவனங்களில் வேலை விண்ணப்பத்தை முதலில் சலிப்பது மென்பொருள். செயற்கை நுண்ணறிவு பரவப் பரவ, பணியாளரைப் பற்றிய மதிப்பீடும் அதன் கைக்குப் போகத் தொடங்கியிருக்கிறது.

நிறுவன மேம்பாட்டின் எதிர்காலம், புதிய பயிற்சி வகுப்புகளிலோ வண்ணப் படவிளக்கங்களிலோ இல்லை என்று நான் கருதுவது இதனால்தான். மறைந்துபோன அந்த அறையை மீண்டும் கட்டுவதே அதன் வேலை. சட்டம் இதை உணரத் தொடங்கியிருக்கிறது. ராஜஸ்தான் 2023இல் இத்தொழிலாளருக்கென இந்தியாவின் முதல் தனிச் சட்டத்தை இயற்றி, நல வாரியத்தில் அவர்களுடைய சார்பாளர்க்கும் இடம் வகுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் பிறப்பித்த நெறியுரை, ஒருவருடைய கணக்கை முடக்கும் முடிவை மனிதரே எடுக்க வேண்டும் என்கிறது. உறுப்பு நாடுகள் அதைச் சட்டமாக்குவதற்குக் குறித்த கெடு 2026 டிசம்பர். அந்நெறியுரையில் ஒரு விதி என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. இத்தொழிலாளர்கள் தமக்குள் தனியே பேசிக்கொள்ள வழியை நிறுவனமே அமைத்துத் தர வேண்டும். அப்பேச்சை அது ஒட்டுக்கேட்கவோ கண்காணிக்கவோ கூடாது. உடன் உழைப்பவரோடு பேசுவதற்குச் சட்டம் ஒன்று தேவைப்படுகிறது!

ஆனால் சட்டம் வழியைத் திறக்கும். பேச்சை அதனால் நடத்த முடியாது. அங்கேதான் எம்மைப் போன்ற துறையினர் போக வேண்டும், முதலாளி அழைக்காத இடத்துக்கும். எங்களோடு நீங்களும் வாருங்கள் என்று கேட்கவே இந்த மேடையை ஏற்றேன். டர்ஹாம் சுரங்கத்தார் தம் கூட்டாளிக்கு ஒரு சொல் வைத்திருந்தார்கள். ஒரே தெருவில், ஒரே மழையில், ஒருவர் பெயர் ஒருவர் அறியாமல் ஓடும் இந்த இளைஞர்கள் தமக்குள் அழைத்துக்கொள்ள நம் மொழியில் இன்னும் ஒரு சொல் அமையவில்லை. அவர்களுள் கவிதை எழுதுவோரும் இருப்பர். அடுத்த திங்கள் கூட்டத்துக்கு அவர்களில் சிலரை அழைக்க இயலுமா என்று செயலாளர் அவர்களை இப்போதே கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் வரக்கூடிய நேரம், இரவு உணவுப் பரபரப்பு ஓய்ந்த பதினொரு மணிக்கு மேல்.